அம்மாவின் கைப்பக்குவம் என்று எழுதிய சிடி

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த என் அண்ணன் எங்கள் வீட்டில் தங்கியது நாலே நாள். அதில் மூன்று நாள் கம்ப்யூட்டர் பூட்டுவதில் போயிற்று. வேலூரிலிருந்து ஒரு ஆள் அட்டைப் பெட்டிகளோடு வந்து, ஹாலில் டி.வி. இருந்த மேஜையைக் காலி பண்ணச் சொல்லி, மானிட்டரை வைத்து, ஒயர்களை இழுத்துச் சொருகிவிட்டுப் போனார். டி.வி. அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலுக்குப் போயிற்று. நாலாவது நாள் காலையில், சூட்கேஸைக் கட்டி முடித்த பிறகு, அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சிடியைப் போட்டுக் காட்டினான். சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர் அது.

"அம்மா சமையலை எல்லாம் இதுல ஏத்திடு பாப்பா. ஒண்ணு விடாம ஏத்து. அம்மாவுக்கு வயசாவுது. அப்புறம் யாருக்கும் தெரியாமப் போயிடும்."

இது 2001இல். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணியவள். ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் அதன் முன்னால் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். என்னைவிட நாலு வயது பெரியவன். 1989இல் வேலை கிடைத்து வெளிநாடு போனான். அதோடு அவன் மனசுக்குள் எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது.

அவன் போன மறுவருஷம் அம்மா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி, கோலை ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினாள். ஆனால் அடுப்பு முன்னால் பத்து நிமிஷம் நிற்க முடியாது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அப்போது எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வந்து அம்மாவைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். பிறகு தகவலே இல்லை. அன்றைக்குச் சமையலறைக்குள் போனவள் நான். காலையில் அஞ்சரைக்கு எழுந்து சமைத்து, அம்மாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு ஆபீசுக்கு நடப்பேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொந்தக்காரர்கள் மலை சுற்ற வருவார்கள். அடி அண்ணாமலையில் எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டு வந்தபிறகும் ஊர்க்காரர்களுக்கு இந்த வீடுதான் இறங்குமிடம். சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்கக் கிளம்புவார்கள். எட்டுப் பேர் வருவார்கள், சில மாதம் பதினைந்து பேர். அத்தனை பேருக்கும் ஆக்கியவள் நான். பதினோரு வருஷம்.

அந்தப் பதினோரு வருஷத்தில் அண்ணன் மூன்று தடவை வந்தான். வரும்போதெல்லாம் அம்மா சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "கடுகு போட்டியா, பெருங்காயம் போட்டியா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் அதைப் பார்த்தான். அம்மா சமைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"இது அம்மா சமையல் இல்லண்ணா, பாதிக்கு மேல என்னுது" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அந்த சாஃப்ட்வேரில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பக்கம் திறக்கும். மேலே பெயர். அதன் கீழே எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எந்த நாட்டுச் சமையல், எந்த வகை என்று கட்டங்கள். பிறகு சாமான் பட்டியல். அளவுக்கு ஒரு கட்டம், கப்பா ஸ்பூனா என்பதற்கு ஒரு கட்டம், பொருளுக்கு ஒரு கட்டம். அதற்குக் கீழே செய்முறை. கடைசியில் சோர்ஸ் என்று ஒன்று. இந்தக் குறிப்பு யாரிடமிருந்து வந்தது என்று அதில் போட வேண்டும்.

தமிழில் அடித்தால் அது ஏற்காது. எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும். அதனால் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். கத்தரிக்காயை ஒருநாள் ஒரு மாதிரி எழுதுவேன், அடுத்த வாரம் வேறு மாதிரி. தேடிப் பார்த்தால் பாதிக் கத்தரிக்காய்தான் வரும். வகை என்ற கட்டத்தில் அதுவே ஒரு பட்டியலை நீட்டும். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரசத்தை சூப் என்று போட்டேன். களியை எதில் போடுவது? கேக் இருந்தது, ரொட்டி இருந்தது, நான் பெயரே கேட்டிராத பண்டங்கள் இருந்தன. கேழ்வரகுக் களிக்கும் கூழுக்கும் இடமில்லை. கடைசியில் இதர என்பதில் தள்ளினேன். எங்கள் சாப்பாட்டில் முக்கால்வாசி இதரவில்தான் போய்ச் சேர்ந்தது.

அளவுக்கும் இதே பாடு. புளி நெல்லிக்காய் அளவு என்பாள் அம்மா. அந்தக் கட்டத்தில் கப், ஸ்பூன், அவுன்ஸ் எல்லாம் உண்டு, நெல்லிக்காய் கிடையாது. நான் ஒரு ஸ்பூனும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் சமைக்கும்போதே மிளகாய்த்தூளை அளந்து போட்டு, ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். ஆபீஸ் விட்டு வந்து, காபி போட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்து அடிப்பேன். கரண்ட் போனால் அடித்தது போய்விடும். மறுபடி அடிப்பேன்.

முதல் குறிப்பு மிளகு ரசம். அது அம்மாவுடையதுதான். சோர்ஸ் என்ற கட்டத்தில் அம்மா என்று போட்டேன். அடுத்த குறிப்பைத் திறந்தபோது அந்தக் கட்டத்தில் அம்மா என்று அதுவே நிரம்பியிருந்தது. கடைசியாகப் போட்டதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். மூன்றாவதிலும் அம்மா. நாலாவதிலும் அம்மா. மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டு அடிக்க வேண்டும். வேலை முடிந்தால் போதும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஐம்பது குறிப்புகள் சேர்ந்ததும் ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் ஊருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை ஃப்ளாப்பி படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேறு ஃப்ளாப்பியில் போட்டு, மறுநாள் திரும்பப் போனேன். மெயிலில் ஃபைல் ஏறுவதற்கு அரை மணி நேரம். அண்ணனும் அதே சாஃப்ட்வேரை வைத்திருந்தான். அவன் பக்கத்தில் திறந்துகொள்வான். அங்கிருந்து அவனுடைய சிநேகிதர்கள் வீட்டுக்கும், அண்ணியின் தங்கைக்கும், சென்னையில் இருக்கிற சித்தி மகளுக்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அண்ணன் போன் பண்ணுவான். முதலில் அம்மா, பிறகு நான். அந்த ஞாயிறு ஸ்பீக்கரை அழுத்தி வைத்திருந்தோம், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"மா, உன் மருமக அந்த மல்லாட்டைக் கொழம்பு பண்ணா. அப்படியே உன் கைதான். வாயில வெச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு."

"ஆமாம்பா" என்றாள் அம்மா. "மல்லாட்டைய நல்லா வறுக்கச் சொல்லு. கருக விடக்கூடாது. அதுலதான் இருக்குது எல்லாம்."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழம்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பௌர்ணமி. நாலு பேர் வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்பது பேர் வந்து நின்றார்கள். வீட்டில் தேங்காய் இல்லை. கடைக்கு ஓட நேரமில்லை, ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த மல்லாட்டை மூட்டை மூலையில் இருந்தது. வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். இரண்டு கை எடுத்து வறுத்து, தோலை ஊதித் தள்ளி, பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து அரைத்து, கத்தரிக்காய்க் குழம்பில் கரைத்து ஊற்றினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "மல்லாட்டையப் போயி கொழம்புல போடுவாங்களா? வந்தவங்க இன்னா நினைப்பாங்க? மானத்த வாங்காத" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறேழு தடவை செய்து பார்த்து, புளியைக் குறைத்து, கடைசியில் கொஞ்சம் வெல்லம் சேர்த்து அதை ஒரு பக்குவத்துக்குக் கொண்டு வந்தேன். அண்ணன் அடுத்து வந்தபோது சாப்பிட்டது அதைத்தான்.

போனை வைத்ததும் கேட்டேன்.

"ஏம்மா, மல்லாட்டைக் கொழம்பு நான் பண்ணதுதானே? நீ அன்னிக்குத் திட்டினதானே?"

"நீ பண்ணா இன்னா, நான் பண்ணா இன்னா? நீ யார்கிட்ட கத்துக்கின?"

"உன்கிட்ட கத்துக்கல. அது எங்கேயும் இல்லாதது."

"புள்ள ஆசையா சொல்றான். இல்லடா, அது நான் இல்லன்னு சொல்லச் சொல்றியா? எனக்கு வேற இன்னாடி இருக்குது?"

அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். எனக்கு மட்டும் என்ன இருந்தது என்று அவள் யோசிக்கவில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அதோடு விட்டிருப்பேன். அடுத்த வருஷம் பொங்கலுக்கு நடந்ததுதான் என்னால் விட முடியாதபடி ஆக்கியது.

அண்ணன் வீட்டில் பொங்கலுக்கு அறுபது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி சென்னையில் பிறந்து வளர்ந்தவர், வேலைக்குப் போகிறவர், நன்றாகச் சமைப்பார். அவர் என் காரக்குழம்புக் குறிப்பைத் திறந்து, நாலு பேருக்கு என்று இருந்த இடத்தில் அறுபது என்று மாற்றியிருக்கிறார். அந்த சாஃப்ட்வேர் அப்படி மாற்றினால் எல்லாச் சாமானையும் தானாகப் பெருக்கிக் கொடுக்கும். கத்தரிக்காய் பதினைந்து மடங்கு, சரி. உப்பும் பதினைந்து மடங்கு, புளியும் பதினைந்து மடங்கு, மிளகாய்த்தூளும் பதினைந்து மடங்கு. நாலு பேருக்கு ஆக்குகிறவளுக்குக்கூடத் தெரியும், கூட்டத்துக்கு ஆக்கும்போது உப்பையும் புளியையும் அப்படி ஏற்றக் கூடாது. மூன்றில் ஒரு பங்கைக் கம்மி பண்ணிப் போட்டுவிட்டு, ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். குழம்பை யாரும் வாயில் வைக்க முடியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியே பேசினார்.

"என்னம்மா, அளவைக் கொஞ்சம் சரி பார்த்துப் போடக் கூடாதா? அத்தனை பேர் முன்னாடி ரொம்ப அசிங்கமாப் போச்சு."

"அளவு சரிதான் அண்ணி. நாலு பேருக்குப் பண்ணிப் பாருங்க. அறுபதுக்கு அது அப்படிப் பெருக்கக் கூடாது."

"சாஃப்ட்வேர் தப்பாப் பெருக்குமா? நீங்க போட்டதைத்தானே அது பெருக்குது."

பிறகு அண்ணன் போனை வாங்கினான். அவன் குரலை உயர்த்தவே மாட்டான். உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பாப்பா, டைப் பண்ணும்போது கொஞ்சம் கவனமாப் பண்ணு. அம்மா சொல்றத அப்படியே போடு. நீயா எதுவும் மாத்தாத."

நன்றாக வந்தால் அம்மா கை. கெட்டுப்போனால் பாப்பா டைப் பண்ணியது. அன்றைக்கு எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் நான் சமையல்காரிகூட இல்லை, டைப்பிஸ்ட். ஆபீசில் பத்து மணியிலிருந்து டைப்பிஸ்ட், வீட்டுக்கு வந்தால் அங்கேயும் டைப்பிஸ்ட். ஆபீசில் நான் அடிக்கிற கடிதத்தின் கீழே என் பெயரின் முதலெழுத்தையாவது போடுவார்கள்.

அந்த வாரம் முழுக்க கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்தேன். சனிக்கிழமை லீவு. காலையில் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குள் மொத்தம் நூற்றுப்பதினெட்டு குறிப்புகள் ஏற்றி அனுப்பியிருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து, அது யாருடையது என்று நேர்மையாக யோசித்து, சோர்ஸ் கட்டத்தை அழித்துவிட்டு அடித்தேன். எள்ளுப்பொடி அம்மா. கொள்ளுக் கடையல் அம்மா. பீர்க்கங்காய்த் தோல் துவையல் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரி சொல்லிக் கொடுத்தது. முருங்கைக்கீரை அடை என்னுடையது. தக்காளிக் காரச் சட்னி என்னுடையது. சில குறிப்புகளில் ரொம்ப நேரம் யோசித்தேன். அம்மாவிடம் கற்றுக்கொண்டு நான் மாற்றியதை யாருடையது என்பது? அப்படிப்பட்டவற்றில் அம்மா என்றே போட்டேன். ஒன்றில்கூட எனக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்ளவில்லை. மதியம் சாப்பாடு வைக்க மறந்துவிட்டேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

முடிந்ததும் சோர்ஸ் வாரியாகப் பிரிக்கச் சொன்னேன், பிரித்துக் காட்டியது. அம்மா இருபத்தொன்பது. மற்றவர்கள் பதினெட்டு. நான் எழுபத்தொன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. குறிப்புகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்படிச் செய்திருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்து, "இது யாருது, சொல்லு" என்று கேட்டேன். எங்கள் ஆபீசில் விசாரணை நடத்துகிறவர்கள் கேட்பதைப்போலக் கேட்டேன்.

அம்மா இருபதாவது பெயரிலோ என்னவோ நிறுத்தச் சொன்னாள்.

"போதும். என்னை ஒண்ணும் இல்லாம ஆக்கிட்ட. இப்ப திருப்தியா?"

"உன்னை ஒண்ணுமில்லாம ஆக்கல. இருபத்தொன்பது இருக்குது."

"எண்ணி வெச்சிக்கினியா."

"ஆமா. எண்ணித்தான் வெச்சிக்கினேன்."

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொண்டாள், பேச்சு மட்டும் இல்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அஞ்சாம் நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா தானாகப் பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் புளிச்சகீரை கடையல் என்னுது இல்ல. உங்க அத்தையது. எழுதறதா இருந்தா அதையும் ஒழுங்கா எழுது."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி ரெண்டே வருஷத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

"கத்தரிக்கா பொடிக்கறியும் அவங்களுதுதான். காராமணிக் கொழம்பும், கருவாட்டுக் கொழம்பும். நான் கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருசம் அவங்கதான் ஆக்கினாங்க. நான் பின்னாடி நின்னு பார்த்துக் கத்துக்கினேன். உங்க அப்பா சாப்பிட்டுட்டு என்னைப் பார்த்துத்தான் நல்லா இருக்குதுன்னு சொல்லுவாரு. நானும் சிரிச்சிக்குவேன். அவங்க அடுப்பாண்டையே உக்காந்துக்கினு இருப்பாங்க."

"நீ சொல்லலியா, அவங்க பண்ணதுன்னு?"

"இன்னான்னு சொல்றது."

கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், அந்த நாலு குறிப்பையும் திறந்து மாற்றினேன். அம்மாவின் எண்ணிக்கை இருபத்தைந்தானது. ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரியிடம் இதைச் சொன்னபோது, "பாவம், மனசு விட்டு ஒத்துக்கிட்டாங்களே, அது பெரிசு இல்லையா" என்றாள். எனக்கு அப்படிப் படவில்லை. அதுவரை இருந்ததைவிடக் கோபம் ஜாஸ்திதான் ஆனது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் முகம் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள் என் அம்மா. தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கலாம். தெரிந்தே எனக்கும் அதைத்தான் செய்தாள்.

திருத்திய ஃபைலை அண்ணனுக்கு அனுப்பினேன். என்ன மாற்றியிருக்கிறேன், ஏன் மாற்றியிருக்கிறேன் என்று பத்து வரி மெயிலும் எழுதினேன். வந்தது, நன்றி என்று பதில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிசியாக இருப்பான், அப்புறம் பார்ப்பான் என்று காத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று.

2004 கார்த்திகையில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்திருந்தது. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி நிறையச் சிடி கொண்டு வந்திருந்தான். பளபளவென்று உறை. மேலே அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போட்டோ. கீழே தமிழில் 'அம்மாவின் கைப்பக்குவம்'. போட்டோவில் அம்மாவுக்குப் பின்னால் சமையலறைக்குள் என் முதுகும் பின்னலும் கொஞ்சம் தெரிந்தன. அதை வெட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அது அவன் கண்ணில் படவே இல்லை.

ஒரு சிடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய ஃபைல். நூற்றுப்பதினெட்டிலும் அம்மா.

"நான் திருத்தி அனுப்பினேனே அண்ணா."

"ஆமா பாப்பா, வந்துச்சு. ஆனா எல்லாரும் அம்மா சமையல்னுதானே கேக்கறாங்க. அதுல நடுவுல நடுவுல வேற பேர் வந்தா நல்லா இருக்காதுன்னு பழசையே போட்டுட்டேன். இதுல என்ன இருக்கு? யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வீட்டுக்குள்ளதானே."

"உன் ஆபீஸ்ல நீ எழுதின ப்ரோகிராமுக்கு இன்னொருத்தன் பேரைப் போட்டா இப்படித்தான் சொல்லுவியா?"

"அது வேலை பாப்பா."

"அப்ப இது?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி சிடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. கேட்கத்தான் குறைத்தாள்.

மறுநாள் காலையில் நான் அஞ்சரைக்கு எழவில்லை. எழுந்து குளித்து, புடவையை மாற்றிக்கொண்டு, ஒன்பது மணிக்கு அறையைவிட்டு வெளியே வந்தேன். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டிபன் பண்ணலியா பாப்பா?" என்றான் அண்ணன்.

"சிடி இருக்குது. கம்ப்யூட்டர் இருக்குது. அம்மாவும் இருக்காங்க. பண்ணிக்கோங்க."

ஆபீசுக்குப் போய்விட்டேன். கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். இட்லி கல் மாதிரி இருந்தது, அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. அன்றைக்கும் அதற்கடுத்த நாலு நாளும் நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அண்ணிதான் சமைத்தார், அம்மா நாற்காலியிலிருந்து சொன்னாள். தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு ஓட்டலில் சொல்லி வரவழைத்தார்கள். வந்தவர்களெல்லாம் சிடியை வாங்கிப் பார்த்து, "இந்த வயசுலயும் இவ்ளோ ஞாபகமா சொல்லியிருக்கியேக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா சிரித்தாள். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படி உர்ரென்று இருக்கிறேன் என்று ஒரு சித்தப்பா அண்ணனைக் கேட்டார். "வேலை ஜாஸ்தி" என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது.

ஊருக்குத் திரும்புகிற அன்று அண்ணன் என்னிடம் வந்து, "மனசுல எதையும் வெச்சுக்காத" என்றான். "வெச்சுக்குவேன்" என்றேன்.

அம்மா 2006இல் இறந்தாள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுவாக்கில், "அந்தச் சிடில இருக்கிறதுல முக்காவாசி எம்பொண்ணு பண்றது" என்று சொன்னாளாம். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா என்னிடம் சொன்னார். என்னிடமோ அண்ணனிடமோ சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை, சிடியே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அழுதேன். அழுது முடித்தபோது கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து அண்ணன் போனில் கேட்டான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டானாம், பழையது எரிந்துபோனதாம், சிடியும் புதியதில் திறக்கமாட்டேன் என்கிறதாம். "உன்கிட்ட இருக்கிற ஃபைலை மறுபடி அனுப்பு பாப்பா. அம்மா ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு."

அம்மாவின் குறிப்புகள் இருபத்தைந்தை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்தேன். அத்தையின் நாலையும் அத்தை என்று போட்டுச் சேர்த்தேன். அனுப்பினேன். அடுத்த ஞாயிறே போன் வந்தது.

"இருபத்தொன்பதுதான் வந்திருக்கு. மத்தது?"

"மத்தது அம்மாவோடது இல்லண்ணா."

"அந்த மல்லாட்டைக் கொழம்பாவது..."

"அது என்னுது."

"சரி" என்றான். பிறகு அங்கே பனி கொட்டுவதைப் பற்றிச் சொன்னான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். போன மாதம் அவனுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சோற்றைக் குறைக்க வேண்டுமாம். வேறு என்ன செய்து சாப்பிடலாம், உனக்குத்தான் தெரியுமே பாப்பா என்று கேட்டான். டாக்டரைக் கேளு என்றேன்.